திரும்பி வந்த லோடும் என் வலது கண்ணும்

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். எனக்கு எதிரில் முறம் வைத்திருந்த மல்லிகா. மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்த பாண்டி. லோடைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு டீக்காகக் காத்திருந்த லாரி டிரைவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஷெட்டு நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்த முதலாளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு முதலாளி, "அன்னிக்கு நான் களத்துலயே இல்லையே" என்று நாலு பேரிடம் சொன்னார். இருந்தார். மஞ்சள் சட்டை போட்டிருந்தார்.

எங்களுக்குக் கீரமங்கலம் பக்கம். கடலைக் களத்தில் வேலை. விவசாயிகள் கொண்டுவந்து போடுகிற நிலக்கடலையை மிஷினில் போட்டு உடைத்துப் பருப்பாக்கி, பெண்கள் நாங்கள் புடைத்து, சொத்தை, சுருங்கல், கறுப்பு, பச்சை எல்லாம் பொறுக்கி எடுத்து, நல்லதை மூட்டை போட வேண்டும். மூட்டைக் கணக்குக்குத்தான் கூலி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? ஆனால் இந்த வேலையில் நான் கெட்டி. கை தேடுவதற்கு முன்னால் கண் தேடிவிடும். மல்லிகா கேலி செய்வாள்: "ஒனக்கென்னடி, கண்ணுல காந்தம் வச்சிருக்க."

அந்த லோடு ஏதோ ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்தது. அங்கே சோதனை போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஏன் என்று டிரைவரைக் கேட்டோம்.

"ஏதோ டாக்சினாம்க்கா. பூசணத்துல வர்ற வெசமாம். அளவுக்கு மேல இருக்காம்."

முதலாளி போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "எங்க தாத்தன் காலத்துலேருந்து திங்கிறோம். எங்களுக்கு வராத வெசம் மிட்டாய் திங்கிறவனுக்கு வந்துருமா? நீங்க புடைங்கத்தா. பச்சையையும் கறுப்பையும் பொறுக்கிருங்க. மிச்சத்தப் புது லோடோட கலந்துக்குவோம்."

மூட்டையைப் பிரித்ததுமே மக்கின வாடை. கையை விட்டால் சூடு. பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாக மாவு பூத்திருந்தது. முறத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பச்சைப் புகை கிளம்பியது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டோம். கண்ணை எதைக் கொண்டு கட்டுவது? கண்ணால்தானே பொறுக்க வேண்டும்.

மல்லிகா புடைத்ததா நான் புடைத்ததா தெரியாது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு சக்கைத் துண்டு வலது கண்ணில் வந்து அடித்தது. ஊசி வைத்த மாதிரி. முறத்தைப் போட்டுவிட்டேன்.

"தூசிதானத்தா. தண்ணியடிச்சுக் கழுவிட்டு வா" என்றார் முதலாளி.

கழுவினேன். மல்லிகா இமையைப் புரட்டி ஊதினாள். துண்டு வந்துவிட்டது, அவளுடைய விரல் நுனியில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். எள்ளில் பாதி இருக்கும். சாயங்காலம் வரை வேலை பார்த்தேன்.

நான் பயந்த சுபாவம். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் விபத்து என்று நினைப்பேன். மகள் கவிதா போன் எடுக்காவிட்டால் பத்துத் தடவை திரும்ப அடிப்பேன். அதனால் நான் பயப்படுவதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் கண் சிவந்து நீராக ஓடியது. வீட்டுக்காரர் தேங்காய் உரிக்கப் போகிறவர், காலையில் கடப்பாரையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே, "தூசி விழுந்தா சிவக்காம வெளுக்குமா? ரெண்டு நாள்ல சரியாப்போயிரும்" என்றார். அந்த ஒரு தடவை நான் பயந்தது சரியாக இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அன்று மத்தியானம் என் நாத்தனார் சாந்தி வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என்னை அத்தாச்சி என்று கூப்பிடுவாள். அவளுடைய மாமியாருக்கு முகாமில் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருந்தது. அதை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் யாருக்குக் கண் சிவந்தாலும் அதுதான். அவளுடைய புருஷன் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்து அதைத்தான் போட்டுக்கொள்வார். தெருவிலும் நாலைந்து பேருக்குக் கொடுத்திருக்கிறாள். காசுக்கா கொடுத்தாள்? பிரியமாகத்தான்.

"படு அத்தாச்சி. ஒரு சொட்டுதான். வானம் வெளுத்த மாதிரி வெளுத்துரும் பாரு."

வெளுத்தது. அதுதான் கொடுமை. இரண்டே நாளில் சிவப்புப் போய்விட்டது. வலியும் குறைந்தது. வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சாந்தியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்து, ஒரு வாரத்துக்கு மேலே அந்தச் சொட்டையே போட்டு வேலைக்குப் போனேன். பிறகு ஒருநாள் காலையில் வலது கண்ணுக்கு எதிரே புகை மூட்டம். கவிதா போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள்.

"அம்மா, கருப்பு முழிக்கு மேல வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு."

"எவ்வளவு பெருசு?"

பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. நேராகப் போய் அப்பாவை எழுப்பினாள்.

புதுக்கோட்டையில் பார்த்தவுடன், "உடனே திருச்சிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் வெளிச்சம் பட்டபோதெல்லாம் கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது. முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். குளத்தூர்ப் பக்கம் போகும்போது, சாவு வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்து முன் சீட்டு அம்மா எனக்குத் துக்கம் விசாரித்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் ஒரு கல்யாண மண்டபம் அளவு இருந்தது. ஒரு கவுண்டரில் பேர், ஒரு கவுண்டரில் காசு, ஒரு அறையில் எழுத்துப் படிக்கச் சொல்வது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் உள்ளதைப் படிக்க வேண்டும். இடது கண்ணால் கடைசி வரிக்கு முந்தியது வரை படித்தேன். வலது கண்ணைத் திறந்தபோது சுவரே இல்லை. அந்தப் பெண், "விரலை எண்ணுங்கம்மா" என்று கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். ஒரு நிழல் ஆடியது, அவ்வளவுதான். "மூணு" என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து மெதுவாக, "ரெண்டு விஜயா" என்றார். அவருக்குக் குரல் உடைந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணின் கருப்புக்கு முன்னால் கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு தெளிவான தோல் இருக்கிறது. அதற்குக் கருவிழி என்று பெயர். அதில்தான் புண். புண்ணுக்குப் பின்னால், கண்ணுக்குள்ளேயே அடியில் சீழ் தங்கியிருக்கிறது. புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும்.

சுரண்டுவது என்றவுடன் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். மரக்கச் செய்கிற சொட்டு போட்டார்கள். வலி இல்லை. ஆனால் ஒரு சின்னத் தகடு கண்ணை நோக்கி வருவது தெரியும். கண்ணை மூட முடியாது, கம்பி வைத்துத் திறந்திருப்பார்கள். தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது போல எனக்குத் தோன்றியது. நிஜமாகக் கேட்டிருக்காது என்று நர்ஸ் சொன்னாள். எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள்.

"பூஞ்சைம்மா" என்றார் டாக்டர். "பூசணம். ரொட்டியில பூக்குமே, அது மாதிரி. வேற ஏதாச்சும் மருந்து போட்டீங்களா?"

சாந்தி என்னோடு வந்திருந்தாள். அவளே இடுப்பிலிருந்து அந்தச் சீசாவை எடுத்து நீட்டினாள். டாக்டர் வாங்கிப் படித்தார்.

"இது யாருக்குக் கொடுத்தது?"

"எங்க மாமியாளுக்குங்க. ஆப்பரேசன் பண்ணாங்கள்ல."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. புரை எடுத்த கண்ணு வீங்காம இருக்கக் கொடுக்குறது. பூஞ்சை இருக்குற கண்ணுல இத விட்டா, சிவப்பு போயிரும், வலி போயிரும். பூஞ்சை மட்டும் போகாது. அத எதிர்த்துச் சண்டை போடுற சக்தியையும் இது அமுக்கிரும். அது நிம்மதியா உள்ள எறங்கும்."

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சீசாவை மூடி வேறொரு தட்டில் வைத்தார். சாந்தி சேலை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

சேர்த்துக்கொண்டார்கள். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். குலுக்கிவிட்டு ஒவ்வொரு மணிக்கும் ஒரு சொட்டு. ராத்திரியும் அப்படித்தான். மாத்திரை வேறு, அதன் விலையைக் கேட்டு வீட்டுக்காரர் கடைக்காரரிடம், "பத்து வேணாம், ரெண்டு ரெண்டா தாங்க" என்றார். ஆபரேஷன் வந்தால் காப்பீட்டு அட்டை உதவும் என்றார்கள். மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் கேண்டீன் இட்லிக்கும் எந்த அட்டையும் கிடையாது.

என்னோடு தங்கியது சாந்திதான். வீட்டுக்காரர் உரிக்கப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. சாந்தி தன் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்தாள். போனில் மணி வைத்து, அது அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருப்பாள். "நீ செஞ்சதுதான்" என்று நான் ஒரு தடவையும் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். அவள் சொட்டுப் போட இமையைப் பிரிக்கும்போதெல்லாம் சொன்னேன். அந்தக் கைதான் கெடுத்தது, அந்தக் கைதான் காப்பாற்றுகிறது. யாரை வெறுப்பது? வெறுப்பதற்கு ஆள் கிடைக்காமல் நான் சாம்பாரை வெறுத்தேன், ஃபேன் சத்தத்தை வெறுத்தேன், அவளுடைய குறட்டையை வெறுத்தேன்.

ஆண்கள் வார்டில் பொன்னமராவதிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் கருவிழிப் புண்தான். பால் கறக்கும்போது மாட்டு வால் கண்ணில் அடித்துவிட்டது. பகலில் நர்ஸ் போடுகிற சொட்டுக்காக வராண்டாவில் வரிசையாக உட்காரும்போது பேசுவார்.

"ஒனக்கு எது ஆத்தா அடிச்சது?"

"கடலைச் சக்கைங்கய்யா."

"எனக்கு மாடு, ஒனக்குக் கடலை. நம்மள அடிக்கிறதுக்கு மனுசனே வேணாம் போ."

ஒட்டுமொத்த வராண்டாவும் சிரித்தது. சிரித்தால் கண் வலிக்கும். வலியோடு சிரித்தோம்.

நாலைந்து நாள் போனபிறகு டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். புண்ணில் சுரண்டியதை ஒரு வட்டத் தட்டில் தீனி போட்டு வளர்த்திருந்தார்கள். எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்ப்பதற்காம். "பார்க்குறீங்களா?" என்றார். கண்ணாடி மூடிக்குள்ளே, இடது கண்ணால் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் கலந்த மாவு. ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு.

எனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"இதுதாங்க. லோடுல இருந்தது இதுதான். இதத்தான் முறத்துல தட்டுனேன்."

டாக்டர் தலையாட்டினார். கடலை, சோளம், பருத்திக்கொட்டை, ஈரம் இருக்கிற எதிலும் இது வரும் என்றார். கடலையில் இருந்தால் ஒரு விஷத்தைச் சுரக்கும். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் கல்லீரல் கெடும், புற்று வரைக்கும் கொண்டுபோகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. மேலே இருக்கிற பச்சையைத் துடைத்துவிட்டாலும் உள்ளே இறங்கினது இறங்கினதுதான். ஆனால் என் கண்ணைக் கெடுத்தது அந்த விஷம் இல்லை, அந்தப் பூஞ்சையே வேர் விட்டு வளர்ந்ததுதான்.

கட்டிலுக்குத் திரும்பி வந்ததிலிருந்து எனக்குக் கண் நினைப்பே போய்விட்டது. களத்தில் நாங்கள் பொறுக்கித் தள்ளுகிறதை முதலாளி எங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வார். கூலியோடு அது ஒரு சலுகை. சுருங்கினது, உடைந்தது, லேசாக நிறம் மாறினது எல்லாம் பை நிறைய வீட்டுக்கு வரும். வறுத்துத் தோல் நீக்கித் துவையல் அரைப்போம். நல்ல பருப்பை விலை கொடுத்து வாங்கித் துவையல் அரைக்கிற வீடு எங்கள் தெருவில் எது? கவிதாவுக்குக் கடலைத் துவையல் என்றால் உயிர். இரண்டு தோசை கூடச் சாப்பிடுவாள் என்று நானே கெட்டியாக அரைத்துப் போடுவேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அடுக்குப்பானைக்குப் பக்கத்துல டப்பாவுல கடலை இருக்கு. அதக் கொட்டுங்க."

"எதுக்கு?"

"கொட்டுங்கங்கிறேன்ல. கவிதா சாப்புட்டாளா?"

"நேத்துத்தான் அரைச்சா. நல்லாருந்துச்சு."

நான் போனிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "கொட்டிர்றேன், இப்பவே கொட்டிர்றேன்" என்றார். பிறகு சாயங்காலம் கூப்பிட்டு, குப்பையில் போட மனசு வராமல் எதிர்வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த மாட்டுப் பால்தான் எங்களுக்கும். நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தாள். மறுநாள் டாக்டரிடம், என் மகளுக்கு ஈரல் போயிருக்குமா என்று கேட்டேன். ஒரு தடவை சாப்பிட்டு இந்த மாதிரி ஆகாது, ஆனால் இனிமேல் கொடுக்காதீர்கள், வேண்டுமானால் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு தடவையா? எத்தனை வருஷம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மல்லிகா ஒருநாள் போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு இழுத்தாள்.

"என்னடி?"

"அந்த லோடு போயிருச்சுடி. நாங்களே பொறுக்கி முடிச்சோம். பாதியப் புதுசோட கலந்து வேற ஏவாரிக்கு ஏத்திட்டாரு. ரொம்ப மோசமானத எண்ணெய்க்குன்னு ஒருத்தன் வந்து அள்ளிட்டுப் போனான்."

"எவனும் டெஸ்ட் பண்ணலையா?"

"இந்த ஏவாரி பண்ண மாட்டாராம்."

என் கண் ஒன்றுதான் அந்த லோடில் விலை போகாமல் தங்கியது.

முதலாளி ஒருநாள் பார்க்க வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"கண்ணாடி போட்டு வேலை பாருங்கன்னு நான் சொல்லாமலா இருந்தேன்?"

"எப்ப சொன்னீங்க மொதலாளி?" என்று சாந்தி கேட்டாள். அவளுக்கு வாய் உண்டு. "கண்ணாடி வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல வாயாலயே போட்டு விட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தனக்கும் அந்த லோடில் பெரிய அடி, வட்டிக்கு வாங்கிப் போட்ட பணம் என்றார். பொய் இல்லை, அவருக்கும் முகம் கறுத்துத்தான் இருந்தது. போகும்போது ஐயாயிரம் ரூபாயைத் தலையணைக்குக் கீழே வைத்து, "செலவுக்கு வச்சுக்கத்தா" என்றார். கும்பிட்டேன். நிஜமாகவே கும்பிட்டேன்.

மருந்து கேட்கவில்லை. புண் ஓரம் கட்டாமல் பரவியது. டாக்டர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். இப்படியே விட்டால் கருவிழி ஓட்டையாகிவிடும், கண்ணையே எடுக்க வேண்டி வரும். அதற்கு முன்னால் கெட்டுப்போன கருவிழியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவர் தானமாகக் கொடுத்த கருவிழியை வைத்துத் தைக்கலாம். "மொதல்ல கண்ணக் காப்பாத்துவோம்மா. பார்வை பத்தி இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது."

"திரும்பக் கடலை பொறுக்க முடியுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் சம்மதக் கையெழுத்துத் தாளை வீட்டுக்காரர் பக்கம் நகர்த்தினார்.

அன்று முழுக்க எனக்கு வேறு கவலை. யாருடைய கண்ணோ? ஆணா பெண்ணா? அவருக்கு என்ன நோயோ? சாந்தி என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "வாத்தியார் கண்ணா இருந்தா நல்லது அத்தாச்சி. விட்டதுலேருந்து எட்டாவது சேந்துக்கலாம்." அத்தனை நாளில் அவளோடு சேர்ந்து நான் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரவிக்கை நனைந்தது. "எனக்குத் தெரியாது அத்தாச்சி, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள். அது எனக்குத் தெரியும் என்றேன். அவள் மறுபடி சீப்பை எடுத்தாள்.

ஆபரேஷன் செலவுக்கு அட்டை உதவியது. மற்றதுக்கு வீட்டுக்காரர் முதலாளியிடம் போய்ப் பதினைந்தாயிரம் வாங்கி வந்தார். கட்டுப் பிரித்தபோது வலது கண்ணில் வெளிச்சம் தெரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொன்னேன். டாக்டருடைய கை ஆடுவது தெரிந்தது. கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள்; அந்தப் பெண் டாக்டருக்கு நான் எந்தக் காலத்திலும் நன்றி மறக்க மாட்டேன். ஆனால் வைத்த கருவிழி சில மாதத்திலேயே பனி படிந்த மாதிரி மங்கிவிட்டது. வெளிச்சமும் நிழலும் உண்டு. முகம் இல்லை. இன்னொரு தடவை மாற்றிப் பார்க்கலாம், இப்போது இல்லை என்கிறார்கள்.

மறுபடி களத்துக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? ஒற்றைக் கண்ணால் பொறுக்க உட்கார்ந்தால், பருப்பு இருக்கிற இடம் ஒன்று, கை போகிற இடம் ஒன்று. மல்லிகா இரண்டு மூட்டை முடிக்கும்போது எனக்குப் பாதி. நான் தள்ளியதில் நல்லது கிடந்தது, நல்லதில் பச்சை கிடந்தது. மல்லிகா எனக்குத் தெரியாமல் என் குவியலைக் கிளறி எடுத்துவிடுவாள். எனக்குத் தெரியும்.

அந்த வாரம் விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பேசினார். விதைக்கும்போதே தொழுவுரத்தோடு நல்ல பூஞ்சைப் பொடியைக் கலந்து போட்டால் கெட்ட பூஞ்சை ஏறாது. பிடுங்கின கடலையைக் குவிக்காமல், குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடுகிற வரை காயவைக்க வேண்டும். தார்ப்பாயைப் போட்டுப் புழுங்க விடக்கூடாது. உடைக்கும்போது தண்ணீர் ஆகவே ஆகாது. சுலபமான விஷயங்கள்தான். முதலாளி அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஒனக்குப் பொறுக்குற வேலை இனி சரிப்படாதுத்தா. கண்ணு வேண்டாத வேலை ஒண்ணு தாரேன். அங்கிட்டு ஓஸ் கெடக்கு. நாளைக்கு ஒடைக்கிற கடலைக்குச் சாயங்காலமே தண்ணி தெளிச்சு மூடிவச்சிரு. தெனக்கூலி."

காய்ந்த கடலையை அப்படியே மிஷினில் போட்டால் பருப்பு இரண்டாக உடையும், உடைந்த பருப்புக்கு விலை குறைவு. ஈரம் காட்டினால் முழுசாக வரும், எடையும் ஏறும். எங்கள் களத்தில் எப்போதும் அப்படித்தான். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டுவதும் அப்படித்தான். அந்த வேலை ஒரு ஆளுக்கு, உட்கார்ந்தே செய்யலாம்.

"நேத்துத்தான மொதலாளி அவரு சொல்லிட்டுப் போனாரு?"

"அவரு சொல்லுவாரு. ஒடைஞ்ச பருப்ப அவரா வாங்குவாரு? நான் ஒனக்கு எறக்கப்பட்டுத் தாரேன். வாங்குன பணத்த எப்படிக் கழிப்ப?"

"பதினஞ்சுதான. கூலியில புடிச்சுக்கங்க."

"இருபது. ஆஸ்பத்திரியில தந்தேன்ல."

தலையணைக்குக் கீழே வைத்தது. ஆப்பிளைச் சேர்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

ஓஸ் தரையில் கிடந்தது. குழாய் திறந்தே இருந்தது, தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன். "தண்ணி அடிச்சுத்தான் தரணும்னா எனக்கு வேலை வேணாம் மொதலாளி" என்றேன். வீரம் எல்லாம் இல்லை. எவள் வீட்டுத் துவையலுக்கோ அது போகும் என்ற பயம்தான். மல்லிகா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முறத்தில் குனிந்துகொண்டாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நடந்தபோது பின்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாண்டியாக இருக்கும்.

களத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கண்ணில் எது விழுந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்தவர் மருந்தை, அது தங்கமாகவே இருந்தாலும், போடாதீர்கள். பொறுக்கித் தள்ளினதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும்.

நான் வேலையை விட்டபோது தராமல் இருந்த கூலி ஆயிரத்து எழுநூறைக் கழித்துக்கொண்டார். வீட்டுக்காரர் தேங்காய் உரித்து இதுவரை ஏழாயிரம் கொடுத்திருக்கிறார். என் கண் போன களத்துக்காரருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது பதினோராயிரத்து முந்நூறு ரூபாய்.